குளக்கட்டினுள் ஒரு கிணறு

வீட்டு நீர்க்குழாயின் திருகு எங்கே இருக்கிறது? குழாயின் நுனியில் இருக்கிறது. மேலே தொட்டியில் நீர் நிற்கின்றது. அங்கிருந்து இறங்கும் குழாய் இரவும் பகலும் நிரம்பியபடியே இருக்கின்றது. நுனியிலுள்ள திருகைத் திருப்பியவுடன் நீர் பாய்கின்றது. இவ்வொழுங்கில் எவரும் குறை காண்பதில்லை. இடையிலே ஒரு பொருத்துத் தளர்ந்து நீர் கசிந்தாலும் சுவரில் ஈரம் படரும், அவ்வளவே. வேலையாள் ஒருவரை அழைத்துச் சரிசெய்து கொள்ளலாம்.

இதே ஒழுங்கைப் பெரிய குளம் ஒன்றிற் செய்தால் என்ன நேரும்? குளக்கட்டு மண்ணாலானது. வயலுக்கு நீர் விடவேண்டுமாயின் அக்கட்டின் அடியால் ஒரு வழி அமைத்தே ஆகவேண்டும். நிலத்தின் கீழே நீர் செல்லும் அத்தகைய வழியைச் சுருங்கை என்று பழந்தமிழர் வழங்கினர். அச்சுருங்கையின் கதவை, வீட்டுக் குழாயிற் போல, வயற்பக்கத்து நுனியில் வைத்தால், கட்டின் வயிற்றினூடே செல்லும் வழி முழுவதும் குளத்து நீரின் முழு அழுத்தத்தையும் எந்நேரமும் தாங்கி நிற்கவேண்டும். மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று அதில் உண்டானாற் போதும். நீர் அவ்வெடிப்பால் வெளியே பீறிச் சுற்றியுள்ள மண்ணைக் கரைக்கும். கரைத்த மண்ணையும் எடுத்துக்கொண்டு வெளியேற ஒரு வழி தேடும். வழி அகல அகல நீரின் வரவும் பெருகும். கட்டின் அடியிற் சிறிது கலங்கல் நீர் ஊறுவது மட்டுமே வெளியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும். அவர் அதைக் காணும் வேளையில் உள்ளே கட்டின் பெரும்பகுதி அரிக்கப்பட்டிருத்தலுங் கூடும்.

ஆகவே குளம் அமைப்போர் விடைகாண வேண்டிய மிகக் கடினமான வினா, நீரை எவ்வாறு மறிப்பது என்பதன்று. மறித்த நீரை வேண்டியபோது வேண்டிய அளவில், கட்டுக்குத் தீங்கின்றி வெளியே விடுவது எவ்வாறு என்பதே. இலங்கையின் பண்டைக் குளங்களைப் பற்றிப் பேசுவோர் கட்டின் நீளத்தையும் உயரத்தையும் சொல்லி வியப்பது வழக்கம். பொலனறுவையிலுள்ள பராக்கிரம சமுத்திரத்தின் கட்டு 8½ மைல் நீளமும் 40 அடி உயரமும் உடையது என்பர். வியக்கத் தக்கதே. ஆனால், கட்டின் நீளம் பெரும்பாலும் அரசனின் ஆட்பலத்தைக் காட்டுவது. குளம் அமைத்தோரின் அறிவைக் காண விரும்புவோர், கட்டின் மேல் நடந்து, நீர்ப்பக்கத்துச் சரிவிற் புதைந்து கிடக்கும் ஒரு சதுரக் கற்குழியைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

அக்குழியின் பயனை விளங்கிக்கொள்ளச் சிறிது கணக்குப் பார்ப்பது அவசியம். ஒரு கன அடி நீர் ஏறக்குறைய 62½ இறாத்தல் நிறையுள்ளது. எனவே 30 அடி ஆழத்தில், ஒரு சதுர அடிப் பரப்பின் மேல் ஏறக்குறைய 1,875 இறாத்தல் அழுத்தம் இருக்கும். அவ்வாழத்தில் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட ஒரு சிறு பலகைக் கதவை வைத்தால், அதனை நீர் 7,500 இறாத்தல், அதாவது மூன்று தொன்னுக்கு மேற்பட்ட பாரத்துடன் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியால் உண்டாகும் உராய்வை வென்றுதான் கதவை மேலே தூக்க வேண்டும். ஊறிய மரமும் கல்லும் ஒன்றோடொன்று உராயும்போது இது நாலைந்து பேர் கூடிக் கயிறிழுத்து முடிக்கக்கூடிய வேலையன்று.

கதவு திறந்தபின் வருவது அடுத்த தொல்லை. பாத்திரத்தின் அடியிலுள்ள துளையால் நீர் எவ்வளவு வேகத்துடன் வெளிவரும் என்பதற்கான விதியை இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1644 ஆம் ஆண்டில் வெளியிட்டார். நான்கு அடி ஆழத்திலுள்ள துளையால் நீர் செக்கனுக்கு 16 அடி வேகத்திற் புறப்படும். 16 அடி ஆழமாயின் 32 அடி. 25 அடி ஆழமாயின் 40 அடி. கடைசியாகச் சொன்னது மணிக்கு 27 மைல் வேகம். அவ்வேகத்துடன் பாயும் நீரை மண் வாய்க்கால் ஒன்று தாங்காது. செங்கற்சுவரும் நெடுங்காலம் தாங்காது. மூடிய கதவு திறக்க மறுக்கின்றது. திறந்த கதவு கட்டையே அரித்துவிடப் பார்க்கின்றது.

இவை வெறுங் கணக்கல்ல என்பதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் சான்று. ஷெபீல்ட் நகருக்கு நீர் வழங்குவதற்காக, அந்நகருக்கு மேற்கேயுள்ள மலைப்பள்ளத்தாக்கில் டேல் டைக் என்னும் மண் அணை கட்டப்பட்டது. உயரம் 95 அடி. நீரை வெளியே விடுவதற்கு 18 அங்குல விட்டமுள்ள இரண்டு வார்ப்பிரும்புக் குழாய்கள் அணையின் அடியால் இடப்பட்டன. அவற்றைத் திறந்து மூடும் திருகுகள் அணையின் வெளிப்புறத்து அடியிலே, வீட்டுக் குழாயிற் போலவே, வைக்கப்பட்டன. ஆகவே திருகுகள் மூடியிருந்த வேளைகளில், அணையின் அடியிலே கிடந்த குழாய்கள் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் ஏறக்குறைய 40 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கவேண்டியிருந்தது. அழுத்தம் வெளியே தெரிவதில்லை. மண்ணின் கீழே கிடக்கும் குழாயை எவரும் இறங்கிப் பார்க்கவும் இயலாது.

1864 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆந் திகதி, அணை முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்த வேளையில், மாலை வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர் கட்டின் நெடுகே ஒரு வெடிப்பைக் கண்டார். நகரிலிருந்து பொறியியலாளர் வரவழைக்கப்பட்டார். நீர்மட்டத்தை விரைவாகக் குறைப்பதற்காக, வான் பாயும் இடத்துச் சுவரை வெடிமருந்து வைத்துத் தகர்க்க முயன்றனர், அம்முயற்சி பயன்படவில்லை. நள்ளிரவுக்குச் சிறிது முன்னர் அணை உடைந்தது. உறங்கிக்கொண்டிருந்த பள்ளத்தாக்கு மக்களுள் ஏறக்குறைய 240 பேர் மாண்டனர். அணை உடைந்ததன் காரணம் யாது என்பதிற் பொறியியலாளர் அன்றும் பின்னரும் முரண்பட்டனர். ஆயினும் அரசாங்கத்தின் சார்பில் ஆராய்ந்த றொபேட் றோலின்சன் கண்டித்த குறைகளுள், குழாய்களை அணையினடியில் அவ்வாறு இட்டதும் ஒன்றாகும்.

மண் அணையின் உடைவு தூரதேசத்துக் கதையுமன்று. 1986 ஏப்ரல் 20 ஆந் திகதி விடியுமுன், கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். குளக்கோட்டனின் பெயரோடு தமிழ் மரபு இணைத்துப் பேசும் பழங்குளம் அது. மதகின் குறையைக் காட்டுவதற்காக இச்சம்பவம் இங்கே சொல்லப்படவில்லை. நிறைந்த குளத்தின் கீழே வாழும் மக்களுக்குக் கட்டு எத்துணை முக்கியமானது என்பதை நினைவுபடுத்தவே சொல்லப்பட்டது.

சிற்றூர்க் குளங்களில் இத்தொல்லை இவ்வளவு பெரிதாக எழவில்லை. ஆழம் குறைவாதலால் அழுத்தமும் குறைவு. அங்கே சிங்களக் கிராமத்தவர் கெட்ட சொறொவ்வ என்னும் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டனர். அடியில்லாப் பானை போன்ற சுட்டமண் உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குளத்தினுள்ளே நிமிர்ந்த குழாய் ஒன்றை அமைத்தனர். அதன் அடி கட்டின் கீழ்ச் செல்லும் வழியோடு பொருந்தியிருக்கும். நீர் வேண்டும்போது மேலே நீர்மட்டத்திலுள்ள உருளையை எடுத்துவிட்டால், மேற்பரப்பு நீர் குழாயினுட் சரிந்து இறங்கும். மட்டம் தாழ்ந்தபின் அடுத்த உருளையை எடுப்பர். எப்போதும் மேல்நீரே எடுக்கப்படுவதால் அழுத்தத்தோடு போராட வேண்டியதில்லை. குயவர் கைவேலையும் கமக்காரர் பொறுமையும் போதும். அழகான உபாயமே, ஆயின் முப்பதடி ஆழமுள்ள பெருங்குளத்துக்கு இது பொருந்தாது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல் விடாய்த்து நிற்கையில் ஒரு பானைவாயால் ஊற்றும் நீர் எதற்குப் போதும்?

பெருங்குளங்களில் என்ன செய்தார்கள் என்பதை உலகறியச் செய்தவர் ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயர். டேல் டைக் அணை உடைந்து ஒன்பது ஆண்டுகளின் பின், 1873 இல் இலங்கைக்கு வந்து, 1904 வரை இந்நாட்டின் நீர்ப்பாசன வேலைகளிற் பணியாற்றியவர் அவர். காடடர்ந்து தூர்ந்து கிடந்த குளங்களை மீளக் கட்டுவது அக்காலத்துப் பெரும் பணி. அப்பணிக்காகக் கட்டுகளை வெட்டியும் அளந்தும் பார்த்த பார்க்கர், பல குளங்களில் ஒரே வகையான அமைப்பு ஒன்று திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். தாம் கண்டவற்றையெல்லாம் அளந்து படம் வரைந்து, 1909 இல் லண்டனில் வெளியான ‘புராதன இலங்கை’ என்னும் பொருள்பட்ட பெயருடைய தமது நூலில் விரிவாக எழுதினார்.

அவர் கண்டது இதுவே. கட்டின் நீர்ப்பக்கத்துச் சரிவில், மேல்விளிம்புக்கு அணித்தாக, கட்டின் உச்சியிலிருந்து அடிவரை இறங்கும் சதுரமான அல்லது நீள்சதுரமான கிணறு. உட்புறம் நன்றாகப் பொளிந்த கற்பலகைகளாலானது. அவற்றின் பின்னே செங்கற்சுவர். அதற்கும் பின்னே நீர் புகாதவாறு இறுக்கிய களிமண். குளத்தின் அடியிலிருந்து ஒரு குறுகிய சுருங்கை இக்கிணற்றினுள் வந்து சேரும். எதிர்ச்சுவரிலிருந்து நீண்ட சுருங்கை ஒன்று புறப்பட்டுக் கட்டின் அடியாற் சென்று வயற்பக்கத்தில் வெளிவரும். பல இடங்களிற் சுருங்கைகள் இரட்டையாக அமைந்திருந்தன. சிங்களத்தில் இதன் பெயர் பிசோகொட்டுவ.

இப்பெயருக்கு மக்கள் கூறும் பொருள் அரசியின் கோட்டை என்பது. பிசோ என்றால் அரசி. கொட்டுவ என்றால் சுற்றடைத்த இடம். அரசி நீராடிய இடம் என்று கதை கட்டுவதும் இயல்பே. ஆனால் முப்பதடி ஆழமான இருண்ட கற்குழியில் எந்த அரசி நீராடுவாள்? நீர் கீழிறங்கும் அடைப்பு என்னும் பொருளுடைய சொல்லே நாளடைவில் இவ்வாறு திரிந்தது என்று கொள்வோரும் உளர். பொருத்தம் நோக்கினால் அதுவே ஏற்கத் தக்கதாகத் தோன்றுகின்றது.

கிணறு செய்யும் வேலையை இனிப் பார்க்கலாம். நீரை அடைக்கும் கதவு, கிணற்றினுள் குறுகிய சுருங்கை வந்து திறக்கும் வாயில் இருக்கும். அதாவது கட்டின் வயற்பக்கத்து நுனியிலன்று, நீர்ப்பக்கத்திலேயே அடைப்பு. கதவு மூடியிருக்கும்போது கிணறு வெறுமையாக இருக்கும். அதிலிருந்து வயல்வரை செல்லும் நீண்ட சுருங்கையும் வெறுமையாக இருக்கும். கட்டின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர் என்ற பேச்சே அங்கு இல்லை. பழுது பார்க்க வேண்டுமாயின் ஆள் ஒருவர் கிணற்றினுள் இறங்கிச் சுருங்கையினுள்ளே பார்க்கலாம்.

கதவு சிறிது திறந்ததும், குளத்து நீர் மிகுந்த வேகத்துடன் கிணற்றினுட் பாயும். பாய்ந்த நீர் எதிரேயுள்ள கற்சுவரிலும் கிணற்றில் தேங்கும் நீரிலும் மோதிச் சுழன்று தன் விசையை அங்கேயே இழக்கும். விசையிழந்த நீர் நீண்ட சுருங்கையினுள் நுழைந்து, சாதாரண வாய்க்கால் நீர் போல ஓடி வெளியேறும். உள்ளே வரும் அளவைக் காட்டிலும் கூடுதலாக வெளியேற்றச் சுருங்கையால் இயலுமாயின், கிணற்றில் நீர் உயர்வதில்லை. சுருங்கையும் வாய்முட்ட நிரம்புவதில்லை. அப்போது சுருங்கையின் கற்பொருத்துகளில் ஒன்றிரண்டு தளர்ந்திருந்தாலும், உள்ளிருந்து நீர் பீறி மண்ணைக் கரைக்காது. மண்ணிலுள்ள ஈரம் சுருங்கைக்குள் மெல்லக் கசியுமேயன்றி வேறில்லை. நீரின் மூர்க்கம் முழுவதும் சில அடி அகலமுள்ள கற்கிணறு ஒன்றினுள் அடக்கப்படுகின்றது. மோதலைத் தாங்கும் உறுதியான கல் அந்த ஓரிடத்தில் இருந்தாற் போதும்.

வீட்டுக் குழாயின் ஒழுங்கு இங்கே தலைகீழாக மாற்றப்பட்டிருக்கின்றது. திருகு நுனியிலிருந்து தொடக்கத்துக்கு வந்துவிட்டது. இன்றைய நீர்த்தேக்கங்களில் நீர்ப்பக்கத்திலே ஒரு கோபுரம் எழுப்பி, அதன் அடியிற் கதவுகளை அமைத்து, மேலிருந்து இயக்குவது உலகெங்கும் உள்ள முறை. அக்கோபுரமும் பிசோகொட்டுவவும் ஒரே எண்ணத்திற் பிறந்தவை.

இவ்வெண்ணம் எப்போது தோன்றியது? பார்க்கர் இதற்கு விடைகாணக் கைக்கொண்ட வழி சுவையானது. மதகு கட்டியவர் பெயரை எந்த ஏடும் சொல்வதில்லை. கலாவெவவைக் கட்டியவன் தாதுசேனன் என்றும், பதினாறு குளங்களைக் கட்டியவன் மகாசேனன் என்றும் மகாவம்சம் அரசர் பெயர்களையே கூறும்; கிணற்றின் கற்களைப் பொருத்திய கைகளைப் பற்றி அது மௌனம். ஆகவே பார்க்கர் செங்கல்லைக் கேட்டார். காலம் அறியப்பட்ட பழைய தாதுகோபங்களின் செங்கற்களை அளந்து, காலம் செல்லச் செல்ல இந்நாட்டுச் செங்கற்கள் சிறுத்து வந்தமையைக் கண்டார். பின்னர் மதகுகளின் செங்கற்களை அளந்து அவற்றோடு ஒப்பிட்டார். அவ்வாறு கணித்து, வன்னியிலுள்ள வவுனிக்குளம், பவற்குளம் ஆகியவற்றைக் கிறித்துவுக்கு முற்பட்ட பழமை வாய்ந்தவையாகக் கொண்டார். அடைப்புக் கிணற்றை முதலிற் கண்டுபிடித்தவர்கள் இலங்கையரே என்பது அவர் முடிவு. செங்கல்லின் அளவை மட்டும் நம்பி நூற்றாண்டைத் துணிவதில் இடர் உண்டு. ஆயினும் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட மகாசேனன் மின்னேரியா போன்ற பெருங்குளங்களைக் கட்டத் துணிந்தானெனின், ஆழ்ந்த நீரை அடக்கி வெளிவிடும் வித்தை அதற்கு முன்னரே கைவந்திருத்தல் வேண்டும். மதகு அமைக்கத் தெரியாதவன் அத்தகைய கட்டை எழுப்புவது தன் குடிகளுக்கே ஆபத்தைத் தேடிக்கொள்வதாகும்.

கதவு எத்தகையது என்பதிலே கருத்து வேற்றுமை உண்டு. கல்லும் செங்கல்லும் எஞ்சின. மரம் உக்கிப் போயிற்று. பார்க்கர் இக்கிணற்றை அடைப்புக்கான இடமாகவே கண்டார். பின்வந்த பொறியியலாளருட் சிலர், நீரின் விசையை முறிப்பதே இதன் முதற் பயன் என வலியுறுத்தினர். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. மூன்று தொன் அழுத்தத்தின் கீழ்க் கதவு உயர்த்த வேண்டியவர்கள், ஒரு பெரிய வாயைக் காட்டிலும் சிறிய வாய்கள் இரண்டை விரும்பியிருப்பர் என்பது எளிதில் விளங்கும். சுருங்கைகள் பல இடங்களில் இரட்டையாக இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இதே வினாவுக்குக் கடலின் அப்பால், தமிழ்நாட்டுக் குளங்களில், வேறொரு விடை காணப்பட்டது. அதற்குக் குமிழித் தூம்பு என்று பெயர். பல்லவர், பாண்டியர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் தூம்புகள் அமைத்த செய்திகளைச் சொல்கின்றன. புதுக்கோட்டைப் பகுதிக் குளங்களில் நீர் வற்றிய காலத்தில் இத்தூம்புகளை இன்றும் காணலாம். கட்டிலிருந்து சிறிது தள்ளிக் குளத்தினுள்ளேயே இரு கற்றூண்கள் நிமிர்ந்து நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களின் துளைகளினூடே நீண்ட தண்டொன்று இறங்கும். தண்டின் அடியிலே கூம்பிய அடைப்பான். அது கீழேயுள்ள கற்பெட்டியின் மேற்றுளையை அடைத்திருக்கும். பெட்டியிலிருந்து சுருங்கை கட்டின் அடியாற் செல்லும். தண்டை உயர்த்தினால் நீர் மேற்றுளையால் இறங்கும். பெட்டியின் கீழ்ப்பகுதியிலுள்ள சிறு துளைகளாற் சேறும் உடன் இழுபட்டு வெளியேறும். முன்னதை நீரோடித் துளை என்றும் பின்னதைச் சேறோடித் துளை என்றும் வழங்குவர். அடைப்பானின் மேல் அழுத்தம் இருப்பினும், துளை சிறிதாதலால் ஒரு மனிதனால் அதை உயர்த்த முடியும். குளம் தூர்ந்துபோகாமற் காக்கும் அந்தச் சேறோடித் துளையின் நுட்பம் தனியே பாராட்டற்குரியது.

ஒன்று கட்டினுட் கிணறு. மற்றது குளத்தினுட் பெட்டி. உருவத்தால் இரண்டும் வேறு. ஆனால் அடைப்பை நீர்ப்பக்கத்தில் வைக்கவேண்டும், கட்டின் அடியிற் செல்லும் வழியை அழுத்தத்துக்கு உள்ளாக்கலாகாது என்னும் தீர்மானத்தில் இரு சாராரும் ஒத்து நின்றனர். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றனரா என்று வாதிடுவோர் உளர். மழை சில மாதங்களிற் பெய்து ஓய்ந்துவிடும் நாடுகளில், மண்ணையும் கல்லையும் தவிர வேறு பொருளின்றிக் குளம் கட்டியவர்கள், உடைந்த கட்டுகளைப் பார்த்துப் பார்த்துத் தனித்தனியே இம்முடிவுக்கு வந்திருப்பினும் வியப்பில்லை.

மகாவலித் திட்டத்தின் கீழ் மாதுறு ஓயாவுக்குக் குறுக்கே புதிய அணை கட்டப்பட்டு 1983 இல் நிறைவெய்தியது. இடம் தெரிந்தெடுக்கையில், நில அமைப்பு, மண்ணின் தன்மை, நீரின் வரவு முதலியவற்றைத் தற்கால முறைப்படி ஆராய்ந்தே முடிவு செய்யப்பட்டது. வேலை தொடங்கிக் காடு வெட்டி மண் அகழ்ந்தபோது, அதே இடத்திற் பழைய குளக்கட்டு ஒன்று கிடப்பது தெரியவந்தது. இன்னும் அகழ்ந்தபோது கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டிய பெரிய மதகு ஒன்று வெளிப்பட்டது. ஆடும் உருவங்களைச் சுட்டமண்ணிற் செய்து அதன் சுவரிற் பதித்திருந்தனர். கட்டினுள்ளே மறைந்து, பழுது பார்க்க இறங்குபவரையன்றி வேறெவரையும் காணாத ஒரு மதகுக்கு இத்தகைய அலங்காரம் எதற்கு என்று பார்ப்போர் கேட்பதுண்டு. பழைய மதகு அழிக்கப்படாமற் பேணப்பட்டது. புதிய அணையைக் காணச் செல்வோர் அதனையும் கண்டு திரும்புகின்றனர்.